ஒண்ணரை ஷிப்ட்

பால்வாடி மூணரைக்கு மூடிருது.
கம்பெனி எட்டரைக்குத்தான் விடுது.
நடுவுல அஞ்சு மணி நேரம்
எம்மகன் யாரோட பையன்?

ஜன்னத்தக்கா பையன்.
லைன் வீட்டுல கடைசி வாசல்,
ஆறு பொடுசுக, ஒரு ஃபேனு,
மாசம் ஆயிரம், பாலும் பிஸ்கட்டும் நம்மளது.

மொத மனு தள்ளுபடி.
கரண்டு ரொம்ப எரிக்கறோமாமா.
எட்டு வீட்டுக்கு ஒத்த மீட்டருங்க,
ஓனர் பேருல ஓடுதுங்க,
எங்கூட்டுல ஒரு லைட்டு ஒரு மிக்சிதானுங்கன்னு
அரை நாள் சம்பளத்தை விட்டுட்டு
தாலுகா ஆபீசு ஜன்னல்ல நின்னு சொன்னேன்.
எழுதிக் குடுங்கன்னாரு.
எழுதிக் குடுத்தேன்.
தொழில்ங்கற எடத்துல
ஓவர்லாக் டெய்லர்னு போட்டும்
பக்கத்துல கொஞ்சம் எடம் மிச்சமிருந்துது.
அதை அப்படியே விட்டுட்டேன்.

இப்ப, பதினஞ்சாந்தேதியானா
லாக்கர்ல கெடக்குற செல்லு ஒரு தடவை அதிரும்.
உள்ள செல்லு விட மாட்டாங்க, எனக்குத் தெரியாது.
நான் அந்நேரம்
இருபத்து நாலு மாசம்னு லேபிள் போட்ட மஞ்ச பனியனுக்குக்
கை ஏத்திட்டிருப்பேன்,
எந்த ஊருக் கொழந்தைக்கோ.
எம்பையனுக்கும் அதே அளவுதான்.
கை மட்டும் ஒரு விரக்கடை நீளம்.

எட்டரைக்கு வெளிய வந்து பாத்து
நின்ன எடத்துலயே அக்காவுக்கு அனுப்பிருவேன்.
ஓசிக் காசுன்னு டீக்கடையில பேசிக்கறாங்க.
பேசட்டும்.
அந்தக் காசுதான் எனக்கு அரை ஷிப்ட் வாங்கித் தருது,
அந்த அரை ஷிப்ட்டுதான் வீட்டு வாடகை.

ஒருநா தூக்கம் வராம கணக்குப் போட்டேன்.
ஆயிரத்தை இருபத்தாறு நாளுக்கு வகுத்து
அதை அஞ்சுக்கு வகுத்தா
மணிக்கு ஏழு ரூபா, சில்லறை.
ஒரு டீ பன்னெண்டு.
வெக்கமாப் போச்சு. அக்கா மேல கோவமும் வந்துச்சு,
ஏன் கூடக் கேக்கலைன்னு.
அக்காவுக்கும் அதே தேதியில ஆயிரம் வருது,
மக நர்சிங் பீசுக்குப் போயிருது.

போன வாரம் ஷிப்மெண்ட்.
பதினொண்ணுக்கு விட்டாங்க.
நொய்யல் பாலத்துல வண்டி பஞ்சர்,
அவரு தள்ளிட்டே வந்தாரு, நான் பின்னால ஓடுனேன்.

கதவு சாத்தல.
அக்கா மக நோட்டு மேல தலை வெச்சு
பையன் தூங்கறான்.
அவ அசையாம, தாளைத் திருப்பாம
ஒரே பக்கத்தையே படிச்சிட்டு உக்காந்திருக்கா.

எட்டரையோட கணக்கு முடியுதேக்கான்னேன்.
சோறு இருக்குது, தின்னுட்டுப் போன்னாங்க.