அணைக்கட்டு ஆபகூக்

"இன்னா பேருய்யா இது?" என்று கேட்காத
எழுத்தர் வேலூரில் இன்னும் பிறக்கவில்லை.
சம்பளப் பட்டியலில் நான் ஆப்பக்குக்,
ரேஷன் அட்டையில் அபூபக்கர்,
குடியாத்தம் தீயணைப்பு நிலையத்தில்
வெறும் கூக்கு.

பெரியண்ணன் ஓசியா, அடுத்தவன் யோவேல்.
வரிசை தவறாமல் பெயர் வைத்தவர் அப்பா.
ஆமோஸ், ஒபதியா, யோனா, மீகா, நாகூம்:
நடுவில் ஐந்து பெயருக்கு
வீட்டில் ஆள் கிடையாது.
கேட்டால் அம்மா
அடுப்பைத் தள்ளிவிடப் போவாள்.

சத்துவாச்சாரி சபைக்கு வந்த புது ஐயர்
எபிரெயம் படித்தவர்.
"உன் பெயர் ஒரு வினைச்சொல்லப்பா" என்றார்.
அணைத்தல். தழுவுதல்.
கடைசி எழுத்து இரட்டித்து நிற்பது
இன்னும் இறுக்கிப் பிடிப்பது மாதிரியாம்.
"இல்லை, அது அக்காடிய மொழியில்
ஏதோ தோட்டத்துச் செடி என்றும் சொல்வார்கள்."
என்ன செடி ஐயரே?
துளசியோ, கீரையோ,
யாருக்கும் நிச்சயமில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது.
பிறந்த ஊர் அணைக்கட்டு.
அணை, கட்டு, இரண்டுமே தழுவல்தான் தமிழில்.
செய்யும் வேலையும் அணைப்பதுதான்,
என்ன, அது வேறு அணைப்பு.
அப்பாவுக்கு எபிரெயம் தெரியாது.
ஆனால் எனக்கு இரண்டு வயது ஆகும்வரை
அம்மா என்னைத் தரையில் விட்டதில்லை என்று
யோவேல் இப்போதும் குறைப்படுவான்.

அக்னி நட்சத்திரம், நாலாம் நாள்.
நெல்லூர்ப்பேட்டைத் தாண்டி
தீப்பெட்டிக் கிடங்கு.
மருந்து நெடியில் கண் திறக்க முடியவில்லை.
தகரக் கூரை ஒவ்வொன்றாய் வெடித்துச் சுருள,
பெட்டி அடுக்குக்குப் பின்னால்
முனகல் ஒன்று.
சாக்கை நனைத்து அவள்மேல் போட்டு
அப்படியே வாரிக்கொண்டேன்.
கனமே இல்லை.
கழுத்தைப் பிடித்த பிடி மட்டும்
வண்டி வந்தபிறகும் விடவில்லை;
செவிலி விரல் விரலாகப் பிரித்தாள்.

பதினெட்டு என்றார் முதலாளி.
பதின்மூன்று என்றன
தீக்குச்சி அடுக்கிய கைகள்.

இரவு பதிவேட்டை நான்தான் எழுதினேன்.
தீ: மாலை 4.40, அணைக்கப்பட்டது.
மீட்கப்பட்டவர்: ஒருவர்.
பெயர் தெரியாமல்
அந்த இடத்தை மட்டும் விட்டுவைத்தேன்.

ஒன்பதாம் நாள் வேலூர் ஆஸ்பத்திரியில்
வாய் திறந்தாள்.
"அண்ணே, உன் பேரு இன்னா?"
சொன்னேன்.
இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள், தப்பாக.
நான் திருத்தவில்லை.
நிலையத்துக்கு வந்ததும் பதிவேட்டைத் திறந்து
விட்டுவைத்த இடத்தில்,
ஒரு எழுத்தும் பிசகாமல்:
பூங்காவனம்.