வெங்காயத்தின் மொழிபெயர்ப்பாளர்

சட்டைப் பைக்கு மேலே ஹிரோ என்று தைத்திருக்கிறது.
எனக்கு முன்னால் இந்தக் கல்லடியில் நின்றவனின் பெயர்.
அவனும் ஹிரோ இல்லை,
சுராபாயாக்காரன்.
சட்டை அவனை ஒன்றும் கேட்டதில்லை.
என்னையும்.

நான் எல்வின். ஒலாஞ்சோவில்
மாட்டுச் சந்தைக்குப் பின்தெருவில் பிறந்தவன்.
ஜப்பானைக் கல்லாவுக்கு மேலே தொங்கும்
நாட்காட்டியில் பார்த்திருக்கிறேன்.
மூன்று வருடமாக அங்கே ஏப்ரல்.

கென்டக்கியில், நெடுஞ்சாலை பிரியுமிடத்தில்
டயர்க் கடைக்கும் மூடிய செருப்புக் கடைக்கும் நடுவே நாங்கள்.
ஒரு கல்லைச் சுற்றி எட்டு நாற்காலி.
ஆள் குறைந்தால்
யாரோடும் யாரையும் ஒட்டி உட்காரவைப்போம்.

வெள்ளிக்கிழமை
மெக்கென்னாவுக்கு ஒன்பது வயது.
அப்பா, அப்பாவின் புதுத் தோழி,
தலையில் காகிதக் கிரீடங்களோடு நான்கு சிறுமிகள்.
மிச்சமிருந்த எட்டாவது நாற்காலியில்
பிரேக் தொழிற்சாலை அடையாள அட்டையைக்
கழற்ற மறந்த ஒருவர்.
மிசுகோஷி என்றது அட்டை.

கை நடுங்கியது, பொய் சொல்ல மாட்டேன்.
முதலாளியம்மா கண்ணைக் காட்டினாள்.
எனக்குத் தெரிந்த ஒரே வரவேற்புச் சொல்லை
உரக்கக் கத்தினேன்.
அவர் முகம் மலர்ந்து
நீளமாக ஏதோ பதில் சொன்னார்.
கடைசியில் ஒரு கேள்வி இருந்தது,
குரல் ஏறியதிலிருந்து தெரிந்தது.

நான் கரண்டிகளைத் தட்டினேன்.
இன்னும் வேகமாகத் தட்டினேன்.
முட்டையைச் சுழற்றித் தொப்பிக்குள் பிடித்தேன்.
சிறுமிகள் கூவினார்கள்.
அவர் மட்டும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது எரிமலை.
வெங்காய வளையங்களை அடுக்கி, நடுவில் எண்ணெய் ஊற்றி,
நெருப்பை நீட்டினால்
புஸ்ஸென்று ஓர் ஆவி, அவ்வளவுதான்.
“புச்சிகா,
எண்ணெய்க் குப்பியில் தண்ணீர் ஊற்றினவன் எவன்டா”
என்று எங்கள் ஊர் ஸ்பானிஷில் முனகினேன்.

“ஜப்பானிய மொழியில் என்ன சொன்னார்?”
மெக்கென்னா அவரிடம்தான் கேட்டாள்.
வேறு யாரிடம் கேட்பாள்?

மிசுகோஷி துண்டால் வாயை ஒற்றினார்.
அவசரமே இல்லை அவருக்கு.
“வெங்காயத்திடம் மன்னிப்புக் கேட்கிறார்.
எழுப்புவதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும்.”

நான் வெங்காயத்தைக் குனிந்து வணங்கினேன்.
வேறு குப்பி எடுத்தேன்.
தீ கூரை விசிறி வரை போய்வந்தது.

அப்புறம் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது.
சோறு பிரட்டும்போது
“ஒன்றாம் தேதி வாடகை” என்றேன்.
“அரிசிக்குப் பசிக்கிறதாம்” என்றார்.
சீமைச் சுரைக்காய் நறுக்கும்போது
“முழங்கால் உயிர் போகிறது” என்றேன்.
“அப்பாவின் தட்டில் காய்கறியை இரட்டிப்பாக வைக்கச் சொல்கிறது சட்டம்.”
நான்கு கிரீடமும் ஒன்றாகச் சிரித்தன.
புதுத் தோழிகூடச் சிரித்தாள்,
அதுவரை அவள் போனை விட்டுத் தலை நிமிரவில்லை.

இறாலை வால் கிள்ளித் திருப்பிப் போடுகையில்
யோசிக்காமல் வந்துவிட்டது வாயில்:
“தம்பி மூன்று வாரமாகப் போன் எடுக்கவில்லை.”

எல்லோரும் மிசுகோஷியைப் பார்த்தார்கள்.
அவருக்கு ஸ்பானிஷ் ஒரு சொல்லும் தெரியாது,
சத்தியமாகத் தெரியாது.
கல்லில் இறால் சிணுங்கும் சத்தம்.
“இதை ஆங்கிலத்தில் சொல்ல முடியாது” என்றார்.

பிறகு தானே வாயைத் திறந்து காட்டினார்.
எறிந்தேன்.
கண்ணாடியில் பட்டு, டையில் விழுந்து, மடியில் தங்கியது இறால்.
எடுத்துச் சாப்பிட்டார்.

போகும்போது கல்லடிக்கு வந்து
அந்த இனிப்பு வெள்ளைச் சாஸ்
இரண்டு கிண்ணம் கூடுதலாகக் கிடைக்குமா என்றார்.
மார்ச்சில் ஊர் திரும்புகிறாராம்.
அங்கே இது கிடைக்காதாம்.
நான்கு கொடுத்தேன், கணக்கில் எழுதவில்லை.

கடை மூடி, கல்லில் ஐஸ் கொட்டிச் சுரண்டினேன்.
சுஷி மேடையில் சியுஃபாங் கத்திகளை ஈரத்துணியில் சுற்றியபடி
“அந்த ஆள் முதலில் உன்னிடம் என்ன கேட்டார்?” என்றாள்.

எனக்கெப்படித் தெரியும்.
“வெங்காயம் சௌக்கியமா என்று” என்றேன்.