அடம்பன், ஐந்தே முக்கால்

உப்புவெளிக் கரையில்
அடம்பன் பூ விரிவது கடை திறக்க முன்னம்.
ரிஸ்மியா ராத்தா ஷட்டரைத் தூக்குகிற நேரம்
வெயிலுக்கு அது
ஈரக் கடதாசிபோல் சுருளத் தொடங்கியிருக்கும்.
எங்கள் கோப்பையை வாங்குகிற எவரும்
எங்கள் பூவைக் கண்டதில்லை.

ஐந்தே முக்காலுக்கு மணலில் குந்துவேன்,
சிரட்டையில் தண்ணீரோடு.
ஊதா என்று தொட்டால் ஊதா இல்லை.
ஓரத்தில் கத்தரிப்பூ,
தொண்டைக்குள் காயம் ஆறுகிற நிறம்.
தூரிகையை நனைத்து நிமிர்வதற்குள்
சூரியன் கடலை விட்டு எழும்பி
எல்லாவற்றையும் பொய்யாக்கிவிடும்.
அதனால் கோடு போடுவதில்லை.
பொட்டு, பொட்டு, ஒரு இழுவை,
கழுவாத தூரிகையால் இன்னொரு பொட்டு.
கிட்ட வந்தால் சேறு.
ஆறடி தள்ளி நின்றால்
கரை முழுக்கக் கொடி.

ராத்தா கிட்ட வந்து பார்க்கிறவள்.
"பூவெண்டா இதழ் எண்ணக் கிடைக்கோணும் பிள்ளை.
ரோசா கீறு, லவண்டர் கீறு,
வெள்ளைக்காரர்ர தோட்டம் மாதிரி."
லவண்டரை நான் கண்டது சவர்க்கார உறையில்.
அதையும் கீறினேன்:
பன்னிரண்டு பிரிட்ஜ் காந்தம், நாலு தட்டு,
தண்ணீர் ஊற்றி வளர்த்த
யாருடையதோ ஒரு தோட்டம்.
எல்லாம் விற்றுப்போயின.

ஒரு பின்னேரம் ஒருத்தி
அடம்பன் கோப்பையைக் கையில் எடுத்து
கையை நீட்டி, பின்னால் நகர்ந்து,
தொப்பித் தட்டில் முட்டி நின்றாள்.
ஆறடி.
"இந்தத் தோட்டம் எங்கே?"
காட்டினேன்.
கடைக்கு எதிரே
வதங்கின கொடி, அதற்குள் ஒரு ஆடு,
கொடி ஏறியிருந்த முகாம் முள்ளுக்கம்பி.
பகிடி என்று நினைத்திருப்பாள்.
சிரித்துவிட்டு லவண்டர் தட்டை வாங்கிப் போனாள்.

அன்றிரவு என் கோப்பைகளை
ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன்.
ஒன்றிலும் கம்பி இல்லை.
மறைத்தேன் என்று சொல்ல முடியாது.
கம்பி என்பது கோடு,
நான் கோடு போடுகிறவள் இல்லை.
துருப்பிடித்த முள்கள் மட்டும்
மொட்டுகளாக விழுந்திருந்தன,
அழகாகவே.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கென்பார்கள்.
எதன்மேல் ஏறித் திரண்டதென்று
அதில் இல்லை.

மறுநாள் விடிய
பூவையெல்லாம் பொட்டாகவே விட்டுவிட்டு
குறுக்கே ஒரேயொரு கோடு இழுத்தேன்,
கை நடுங்க, கருப்பில்.
ராத்தா விலைத்துண்டு ஒட்டவில்லை.
"வெடிச்ச கோப்பையெண்டு நினைப்பாங்க" என்றாள்.
உண்மைதான், கிட்ட நின்றால் அப்படித்தான் தெரிகிறது.

தேத்தண்ணி அதில்தான் குடிக்கிறேன்.
ஒழுகவில்லை.