ஒரே ஈரல்

பத்துப் பேரில் ஒருவருக்கு என்று
மாவட்ட ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருக்கிறது.
ஸாவ்கானில் பத்துப் பேரைப் பார்க்க
மூன்று பள்ளத்தாக்கு தாண்ட வேண்டும்.
வண்டி ஓட்டுகிறவன் நான், எனக்குத் தெரியும்.

சோதனைப் பட்டைகள் உறையக் கூடாது.
நர்ஸ் துலம்ஜாவ் அந்தப் பெட்டியைக்
கம்பளி அங்கிக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டு வருகிறாள்.
எதிரே வந்த லாரிக்காரன்
எத்தனையாவது மாசம் என்றான்.
முப்பத்தொரு பிள்ளை என்றாள்.

முதல் கூடாரம், ஜிக்ஜித்.
"நான் குடிப்பதில்லையே" என்று ஆரம்பித்தார்.
எல்லாரும் அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்,
திருட்டுப் பட்டம் கட்ட நாங்கள் வந்ததுபோல.
குடியைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.
எந்த வருஷம் பிறந்தீர்கள்?
பல் பிடுங்கியது எங்கே?
பண்ணைப் பள்ளியில் ஊசி போட்டபோது
வரிசையில் எத்தனையாவது ஆள்?

அவருக்கு நினைவிருந்தது.
கண்ணாடிக் குழாய். ஒரே ஊசி.
வெந்நீர்ப் பாத்திரம் ஒன்று, ஆறிப்போனது.
தனக்கு முன்னால் தம்பி ஓச்சிர்.
போன வசந்தத்தில் ஓச்சிரின் வயிறு
தண்ணீர்த் தோல்பை மாதிரி உப்பி,
கண்ணெல்லாம் வெண்ணெய் நிறமாகி...
அதற்குமேல் சொல்லாமல்
சாணத்தை அடுப்பில் போட்டார்.
ஓச்சிருக்கு முன்னால் யார் என்று
அவள் கேட்கவில்லை.

இரண்டு கோடு.

மனைவி ஹந்த்சுரேனுக்கும் இரண்டு.
மகளுக்கு ஒன்று, பிறந்த அன்றே தடுப்பூசி கண்டவள்.
வீட்டில் தான் மட்டும் பாஸானதுபோல
யார் முகத்தையும் பார்க்காமல்
கொதிக்காத தேநீரைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

மருந்து இருக்கிறது, நகரத்துக்கு வாருங்கள் என்றாள் நர்ஸ்.
ஆடு குட்டி போடும் நேரம் என்றார் ஜிக்ஜித்.
வாசல்வரை வந்து
என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

எங்கள் மொழியில் சொந்தபந்தத்தை
ஒரே ஈரல் கொண்டவர்கள் என்போம்.
தூரதேசத்தில் நம்மூர்க்காரனைக் கண்டாலும் அதே சொல்தான்.
யார் உண்டாக்கிய சொல்லோ,
இவ்வளவு சரியாக இருந்திருக்க வேண்டாம்.

மத்தியானம்
முடி வெட்டுகிறவள், ஒன்று.
சங்கக் கணக்காளர், ஒன்று.
மாவட்டத்தையே மண்ணில் சாய்த்த மல்லன், இரண்டு.
ஒரு வலியும் இல்லையே என்று சட்டையைத் தூக்கிக் காட்டினான்.
குத்துச்சண்டைக்குக் கூப்பிட்டதுபோல வயிற்றைத் தட்டினான்.
அதுதான் தொல்லை என்றாள்,
பசித்தாலும் அழாத பிள்ளை அது.

இருட்டியபின் எண்ணினோம்.
முப்பத்தொன்றில் ஏழு.
சுவரில் எழுதியவர்
இந்தப் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது.
பெட்டி காலி. வயிறு இளைத்து
ஜன்னலில் தலைசாய்த்திருந்தாள்.
ஹீட்டரை அவள் பக்கம் திருப்பிவிட்டேன்.

ஆற்றுப் பனியின்மேல் வண்டி ஏறும்போது
பேசினால் பனி விரிசல் விடும் என்பார்கள்.
கரை ஏறிய பிறகு சொன்னேன்:
நாளைக்கு ஒரு பட்டை கூடுதலாக எடுத்து வா.
எதற்கு என்றாள், கண் திறக்காமல்.

ஓச்சிருக்கு முன்னால் நின்றது
நான்தான்.