வடிகட்டி

உலான்பாத்தரில் மைனஸ் இருபத்தொன்பது.
போன் காற்றை அளந்து
நானூற்றுப் பதினெட்டு என்கிறது, சிவப்பில்.
அதற்கென்ன, சொல்லிவிட்டுச்
சார்ஜில் படுத்துக்கொள்ளும்.

சொல்மோன் இருமுகிறான்.
ஒரே மூச்சில் ஐந்துவரை போனால் கிளினிக் என்று
எனக்கு நானே விதித்திருந்தேன்.
நேற்று ஆறு போனது.
விதியை ஏழுக்கு நகர்த்திவிட்டேன்.

காற்றுப் பெட்டிக்குப் புது வடிகட்டி
தொண்ணூறாயிரம் துக்ரிக். கையைக் கடிக்கும்.
அதே காசுக்கு
மூன்று வாரம் எரியும் கரிக்கட்டி.
கூடாரம் சூடாகும்.
புகை எங்கே போகும்?
டோல்கோர் வீட்டுக்கு.
அவள் புகை இங்கே.

தெற்கே சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறான் பாட்சூரி.
கரி சுமந்து அவன் அனுப்பும் காசில்தான்
கரியை வடிகட்டப் பார்க்கிறேன்.

போனை விற்றுவிடலாமா?
எண் தெரியாமல் போகும்.
இருமல் தெரியும்.
அவன் குரலும் அதற்குள்தான் இருக்கிறது,
ஞாயிறுதோறும் பதினொரு நிமிடம்.

கடைசியில் பழைய வடிகட்டியைக் கழற்றி
வாசல் பனியில் தட்டினேன்,
கம்பளம் உதறுவதுபோல.
வெள்ளையில் கறுப்பாய் ஒரு சதுரம், கோடுகோடாய்.
டோல்கோர் எட்டிப் பார்த்தாள்:
"தட்டினால் கெட்டுவிடுமாம்."
அவளிடம் பெட்டியே கிடையாது.

மறுபடி மாட்டினேன்.
இரைச்சல் குறைந்த மாதிரி இருந்தது,
அல்லது குறையட்டும் என்று கேட்டேன்.

நள்ளிரவு தாண்டி
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
நின்றான்.
காத்திருந்தேன்.

ஐந்து.

ஏழு என்று சொல்ல வாய் வரவில்லை.
கிளினிக் எட்டு மணிக்குத் திறக்கும்.
அவன் பூட்ஸை
அடுப்புப் பக்கம் நகர்த்தி வைத்தேன்.