அரைப்புள்ளி

கிளக்ஸ்விக் மீன் ஏலக் கூடத்தில்
முப்பது வயது மேக்ரோ ஒன்று
இன்னும் கணக்கெழுதுகிறது.

வரியின் தலையில் உடுக்குறி இருந்தால்
எந்திரம் படிக்காது,
அது மனிதருக்கான பேச்சு.
ஹானுஸ் எழுதியிருக்கிறான்,
டேனிஷில், எழுத்துப்பிழையோடு:

* பனிக்கட்டிக் கூலி. படகுக்காரர்கள் திட்டுவார்கள் ;

கடைசியில் அந்த அரைப்புள்ளி.
'இன்னும் முடியவில்லை' என்று
எந்திரம் அதைப் புரிந்துகொண்டு
கீழ் வரியையும் பேச்சோடு பேச்சாக விழுங்கிவிட்டது.
பிழைச் செய்தி இல்லை. ஒரு முனகல்கூட இல்லை.
கூலியைக் கழிக்க வேண்டிய வரி
பத்தொன்பது ஆண்டுகளாகக்
கழிக்கவே இல்லை.

இடையில் வெற்று உடுக்குறி ஒன்றைச் செருகினேன்.
தின்றே தீருவேனென்றால் இதைத் தின்னட்டும்.
வரி விழித்தது.
சுன்னுவாவின் இரண்டாள் படகு
திரையில் கடனுக்குள் இறங்கியது.

சன்னலுக்கு வெளியே அவள்
பெட்டி கழுவிக்கொண்டிருந்தாள்,
இடக் கையுறை கிழிந்து.

ஹானுஸின் கை தவறியதா?
கேட்க ஆளில்லை.
அவனுடைய நானூற்றுச் சொச்சம் குறிப்புகளில்
வேறெங்கும் அரைப்புள்ளி இல்லை.
தேடிப் பார்த்துவிட்டேன்.

வெற்று வரியை அழித்தேன்.
அவன் வரிக்கு மேலே என்னுடையது:

* கீழே இருப்பது பிழையல்ல.

முற்றுப்புள்ளிதானா என்று
இரண்டு முறை பார்த்தேன்.