பதினோரு பங்கு

தேங்காய்ப்பட்டணத்தில் சூரை இறக்கிய மறுநாள்
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
அந்தக் கடைக்கு நாலு பேராய்ப் போனோம்.
எத்தனை சோப்புக்கும் போகாத வாசம்.
ஷெர்லின் என்று சட்டையில் பெயர் குத்திய பெண்
ஒன்றும் சொல்லாமல் ஏசியைக் கூட்டிவைத்தாள்.

வெள்ளைப் பெட்டி ஐம்பத்தைந்தாயிரம்.
கறுப்பு முப்பத்தாறு.
சிவப்பும் நீலமுமாய்க் கைப்பிடி வைத்தது
துபாய் வழி வந்த சரக்கு,
"முப்பதுக்குத் தரலாம், வாரண்டி மட்டும் கேக்காதீங்க."

வெள்ளையில் மட்டுமே வரும் ஆட்டங்களென்று
ஒரு சுவரையே காட்டினாள்.
கறுப்பில் வராதா?
வராது அண்ணா.
பைசா கூடத் தந்தாலும்?
வராது.
ஷிபினுக்கு அது அநியாயமாய்ப் பட்டது.
எனக்குப் படவில்லை.
இந்தப் பாரில் கடிக்கும் கலவா
அடுத்த பாரில் கடிக்காது.
கணியம் தெரிந்தவன்
கூடப்பிறந்தவனுக்கும் சொல்ல மாட்டான்.

கறுப்புக்கு மாசச் சந்தா கட்டினால்
நூறு ஆட்டம் சும்மா,
உலகத்தில் யாரோடும் ஆடலாம்.
"நெட் மட்டும் வேணும்."
நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
கரை விட்டு ஒன்றரை மணிக்கூரில்
போனில் கடைசிக் கோடும் அழியும்.
பிறகு நாற்பது நாள்
உலகம் என்பது பதினோரு பேர்.
அதில் ஒருவன் வீலில்,
ஒருவன் சோற்றுப் பானையோடு.

"ஒரே இடத்துல இருந்து
எத்தன பேரு ஆடலாம்?"
இப்போது யாரும் அதைக் கேட்பதில்லை என்றாள்.
உப்புக்காற்று தாங்குமா என்றதற்கு
யாருக்கோ போன் செய்தாள்.
அவரும் சிரித்தார் போல.

சிவப்பு நீலத்துக்குச் சின்னத் திரை உண்டு,
எஞ்சின் ஓய்ந்த ராத்திரியிலும் பேட்டரி நிற்கும்,
நாலு பேர் ஒருசேர ஆடலாம்.
கூட இரண்டு கன்ட்ரோலர் சேர்த்து
முப்பத்தெட்டாயிரத்து ஐநூறு.
தலைக்கு மூவாயிரத்து ஐநூறு.
ஓனருக்கு இதில் பங்கில்லை.
படகில் அப்படி ஒரு பொருள்
இதுவரை இருந்ததில்லை.

லட்சத்தீவுக்கும் மேற்கே,
தூண்டில் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரம்,
லைசென்ஸ் இல்லாத பதினோரு பேர்
கார் ஓட்டினோம்.
அலை தூக்கும்போது ரோடும் தூக்கும்.
பனியடிமை மாமா வளைவில் திரும்ப
உடம்பையும் சேர்த்து வளைத்து
மூன்று முறை ஐஸ் பெட்டியில் இடித்துக்கொண்டார்.
தோற்றால் சாப்பிட வராதவன் நார்பட்.
நீலக் கன்ட்ரோலரை யாருக்கும் தர மாட்டான்.
அதில்தான் ராசி என்பான்,
ராசியோடு கடைசியாய் வருவான்.

ஈஸ்டர் கழிந்து அவன் கொச்சிப் படகுக்கு மாறினான்.
அங்கே அட்வான்ஸ் கூடுதல்.
"எனக்க பங்கு?" என்று வந்து நின்றான்.
பழைய சாமானுக்கு யார் முழு விலை தருவது?
மூவாயிரம் என்றான், ஆயிரம் என்றோம்.
கிளீற்றஸ் ஸ்றாங்கு நடுவில் கெட்ட வார்த்தை பேசினார்.
கடைசியில் நீலத்தைக்
கைலியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான்.

அந்தப் படகில் வெள்ளைப் பெட்டியாம்.
நீலம் அதில் சேராது.
தெரியாமலா எடுத்தான்?
தலையணைக்கு அடியில் வைத்திருப்பதாக
ஹார்பரில் ஒருவன் சொன்னான்.

இந்தத் தங்கலில் நாலாவது காரைக்
கம்ப்யூட்டரே ஓட்டட்டும் என்று விட்டோம்.
முட்டாது, முறைக்காது,
வளைவெல்லாம் சுத்தமாய் எடுக்கும்.
நேற்று எல்லோரையும் ஜெயித்தது.
கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.
பிறகு மாமா அதைப் பார்த்துச் சொன்னார்:
"சோறு தின்ன வாலே."